நூலின் மேல்முனை

அரசியல் பேச்சில் 'பொம்மை' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஏதோ நெருடுகிறது. பொம்மை அரசு, பொம்மைத் தலைவர், பொம்மைத் துணைவேந்தர். தேநீர்க் கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் இந்தச் சொல் விழுந்ததும் எதிரில் இருப்பவர் தலையாட்டிவிடுகிறார். அதற்கு மேல் அங்கே பேச எதுவும் மிஞ்சுவதில்லை. நூல் யார் கையில் இருக்கிறது என்பதைப் பாருங்கள் என்று இன்னொருவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்தப் பேச்சின் அரசியல் சரியா தவறா என்பது என் சிக்கல் இல்லை. பெரும்பாலும் சரியாகவே இருக்கக்கூடும். என்னை உறுத்துவது அந்த நூல்தான். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து மரப்பொம்மலாட்டத்தில் பொம்மையின் பாரத்தைத் தாங்கும் நூல் யார் கையிலும் இல்லை. அது ஆட்டுபவரின் தலையில் இருக்கிறது. இரும்பில் ஒரு வளையம் செய்து, துணி சுற்றி, சித்தாள் சும்மாடு வைத்துக்கொள்வதுபோல் அதைத் தலையில் பொருத்திக்கொள்கிறார். பொம்மையின் தலையிலிருந்தும் உடலிலிருந்தும் வரும் கறுப்பு நூல்கள் அந்த வளையத்தில் வந்து முடிகின்றன. கைகளில் அவர் பிடித்திருப்பது மெல்லிய கம்பிகளை. அவை பொம்மையின் கைகளுக்குப் போகின்றன. நூலும் கம்பியும் இப்படிச் சேர்ந்தே வேலை செய்வதுதான் தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தின் தனித்தன்மை என்று கலை பற்றிய கையேடுகள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். அந்த ஒரு வரிக்குள் ஒரு மனிதனின் கழுத்து இருக்கிறது.

முன்னால் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. மேடையே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. மேலே ஒரு திரை ஆட்டுபவரின் முகத்தையும் மார்பையும் மறைக்கிறது, கீழே ஒரு கறுப்புத் திரை அவர் கால்களை மறைக்கிறது; நடுவில் விடப்பட்ட இடைவெளியில் பொம்மை நிற்கிறது. அந்த இடைவெளிதான் உலகம் என்று நாம் நம்பத் தொடங்கப் பத்து நிமிடம் போதும். முதலில் பிள்ளையார் பூஜை, அப்புறம் கோமாளி, அதற்குள் கூட்டம் அடங்கிவிடும். நான் ஒரு கோயில் திருவிழாவில் பாதி ராத்திரிக்கு மேல் திரைக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே முதலில் தாக்கியது வாசனை: கற்பூரம், பழைய பட்டுத்துணி, வேர்வை, எங்கோ கொதித்துக்கொண்டிருந்த டீத்தூள். பிறகு சத்தம். முன்னாலிருந்து கேட்டபோது பொம்மையின் சலங்கை என்று நினைத்திருந்த ஒலி, ஆட்டுபவரின் கணுக்காலிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் ஆடிக்கொண்டிருந்தார். கட்டைவிரலை ஊன்றி, குதிகாலைத் தட்டி, ஜதிக்குத் தப்பாமல், யாரும் பார்க்காத ஒரு நடனத்தை முழுசாக ஆடிக்கொண்டிருந்தார். முகம் மட்டும் உறைந்திருந்தது; கண் கீழே பொம்மையின் உச்சந்தலையில் குத்திட்டு நின்றது. காட்சி முடிந்து அவர் வளையத்தை எடுத்தபோது நெற்றியில் சிவப்பாக ஒரு வரி ஓடியிருந்தது. "கழுத்து வலிக்காதாங்க ஐயா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வியில்லைதான். "வலிக்காம என்ன தம்பி" என்றார். "ஆனா ஒண்ணு பாத்துக்க. அது கும்பிடணும்னா மொதல்ல நான் குனியணும். நான் நிமிந்து நின்னுக்கிட்டு அத மட்டும் குனிய வைக்க முடியாது." சொல்லிவிட்டு டீ எங்கே என்று யாரையோ அதட்டினார். அவர் ஒரு தத்துவம் சொன்னதாக நினைத்திருக்க மாட்டார். சைக்கிள் மிதித்தால்தான் ஓடும் என்பதுபோன்ற ஒரு தகவலைத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு நான் 'பொம்மைத் தலைவர்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு முன்னதாக மறைவில் குனிய வேண்டியவர் யார் என்று தேடத் தொடங்கினேன். அப்படி யாரும் குனிவதாகத் தெரியவில்லை. உவமை பொருந்தவில்லை என்பது அங்கேதான் பிடிபட்டது.

பெரிய பொம்மைகள் 4.5 அடி உயரம் வரை இருக்கும், 10 கிலோ எடை வரை வரும். இவ்வளவுக்கும் அதற்குத் தேர்ந்தெடுக்கும் மரம் கனமானதில்லை. கல்யாண முருங்கை என்றும் முள்முருங்கை என்றும் சொல்கிறோமே, அதுதான். வேலியோரம் போத்து வெட்டி நட்டாலே துளிர்த்துவிடும். வெற்றிலைக் கொடியும் மிளகுக்கொடியும் படர அதை நட்டுவைப்பார்கள். கல்யாணப் பந்தலில் அதன் கிளை நடும் வழக்கம் உண்டு. சளி பிடித்த குழந்தைக்கு அதன் இலையை அரைத்து அடை தட்டிக் கொடுப்பார்கள். தச்சர்கள் அதை ஒரு மரமாகவே மதிப்பதில்லை. கதவுக்கும் ஆகாது, கட்டிலுக்கும் ஆகாது, அடுப்பில் வைத்தாலும் நின்று எரியாது. அந்த மென்மைதான் இங்கே வேண்டியிருக்கிறது. உளி சிராய் கிளப்பாமல் போகும், கன்னத்தின் வளைவு பிளக்காமல் வரும், நிழலில் ஆறப்போட்ட பிறகு தூக்கினால் கைக்கு இலேசாக இருக்கும். 2000களின் நடுவில் இந்த மரத்தின் இலையையும் தண்டையும் முடிச்சு முடிச்சாகப் புடைக்க வைக்கும் ஒரு சின்னஞ்சிறு குளவி தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. மிளகு பயிரிடுகிறவர்கள் கொடிக்குக் கால் இல்லாமல் போகிறதே என்று தவித்தார்கள். பொம்மைக்கும் கால் போகக்கூடும் என்று அப்போது யாரும் பேசியதாக நினைவில்லை. பொம்மை செய்கிறவர்களின் எண்ணிக்கை பேச்சாகும் அளவுக்கு அப்போதே இல்லை. மரம் இலேசு என்றால் எடை எங்கிருந்து வருகிறது? மூட்டுகளிலிருந்து, துணியிலிருந்து, பூச்சிலிருந்து, நகையிலிருந்து. கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று உடலைத் துண்டு துண்டாகச் செய்து மறுபடி கோக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் எவ்வளவு தளர்வு விடுவது என்பதில்தான் கைத்தேர்ச்சி. இறுகினால் பொம்மை விறைத்துப்போகும். தளர்ந்தால் சீதையின் கை நடுங்கும். சுயம்வரத்தில் நடுங்கலாம், ராவணனிடம் பேசும்போது நடுங்கக் கூடாது. முழங்கால் பின்பக்கம் மட்டுமே மடங்க வேண்டும். முன்னால் மடங்கிவிட்டால் அந்த ஒரு கணத்தில் ராஜா மரமாகிவிடுவார், பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள்.

முகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோயில் சிற்பி ஒரு முகத்துக்கு ஒரு பாவம் கொடுத்தால் போதும். அது காலத்துக்கும் அருள்பாலித்துக்கொண்டிருக்கும். பொம்மை செய்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அரிச்சந்திரன் கதையில் சந்திரமதிக்கு ஒரே முகம்தான். அதே முகத்தோடு அவள் அரண்மனையில் இருக்க வேண்டும், அதே முகத்தோடு காசியில் விலைபோக வேண்டும், மயானத்துக்கும் அதே முகத்தோடுதான் வர வேண்டும். உதட்டோரத்தில் புன்னகை ஒரு நெல்லளவு கூடினால் மயானத்தில் அவள் பைத்தியக்காரியாகத் தெரிவாள். துயரம் கூடினால் முதல் காட்சியிலேயே கதை தெரிந்துவிடும். ஆகவே நல்ல பொம்மைமுகம் எதையும் சொல்லாத முகம். எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் முகம். கண்ணை அகலமாக எழுதுவார்கள், இமை அசையாது, ஆனாலும் தலை இலேசாகத் திரும்பும்போது அது இமைத்ததாகப் பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள். இதில் பாதி வேலையை விளக்கு செய்தது. பெட்ரோமாக்ஸ் காலத்தில் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தது, கொஞ்சம் துடித்தது. மூக்கின் நிழல் கன்னத்தில் நகர்ந்தது. இப்போது நாலு பக்கமும் எல்.இ.டி. போட்டுவிடுகிறார்கள். எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, எதுவும் அசைவதில்லை. கலை அழிகிறது என்று புலம்புகிறவர்கள் கைபேசியையும் சினிமாவையும் பழிப்பார்கள். எனக்கென்னவோ அந்த வெள்ளை வெளிச்சம் செய்த கெடுதலுக்கு இன்னும் யாரும் கணக்குப் போடவில்லை என்று தோன்றுகிறது.

எடைக்குத் திரும்புகிறேன். ஏன் இன்னும் இலேசாகச் செய்யக் கூடாது என்பது எவருக்கும் தோன்றும் கேள்வி. ஜெர்மானிய எழுத்தாளர் கிளைஸ்ட் 1810இல் பெர்லின் பத்திரிகை ஒன்றில் நூற்பொம்மைகளைப் பற்றி ஒரு சிறிய கட்டுரை எழுதினார். கட்டுரை என்பதைவிட உரையாடல் என்று சொல்லலாம். அதில் வரும் நடனக்காரர் ஒருவர், பொம்மையின் ஈர்ப்பு மையத்தை மட்டும் நகர்த்தினால் போதும், கை கால்கள் தாமாகவே ஊசலாடிப் பின்தொடரும் என்கிறார். ஆட்டுபவர் அந்த மையத்துக்குள் தன்னை வைத்துக்கொள்ளாமல், அதாவது தானும் ஆடாமல், அதைச் செய்ய முடியாது என்றும் சொல்கிறார். எங்கோ பெர்லினில் இருந்துகொண்டு மயிலாடுதுறைச் சலங்கையை அவர் கேட்டுவிட்டார் என்றுதான் தோன்றும். ஆனால் அங்கிருந்து அவர் வேறு திசையில் போய்விடுகிறார். பொம்மைக்குப் பாரம் கிடையாது, தரை அதற்கு ஓய்வெடுக்கும் இடமில்லை, தொட்டுவிட்டுப் போக மட்டும்தான் என்கிறார். இந்த இடத்தில் எனக்கு அவரோடு வழக்கு இருக்கிறது. நம் பொம்மைகள் தரையைத் தொட்டுப் பறப்பவை அல்ல, நிற்பவை. பாரம் இல்லாத பொம்மை மேடையில் மிதக்கும். மிதப்பது தேவதைகளுக்கு ஆகும், மார்க்கண்டேயனைத் துரத்தி வரும் எமனுக்கு ஆகாது. எமன் நடந்தால் பலகை அதிர வேண்டும். அந்தப் பாரம்தான் நூலை நிமிர்ந்து நிற்கச் செய்கிறது. நூல் விறைப்பாக இருந்தால்தான் மேலே தலை செய்த சிறு அசைவு கீழே போய்ச் சேரும். தொய்ந்த நூலில் செய்தி போகாது. ஆகவே ஆட்டுபவர் தன்னை அழுத்தும் எடையைச் சகித்துக்கொள்கிறார் என்று சொல்வது முழுசும் சரியில்லை. அந்த எடை மேலிருந்து கேட்பதற்குக் கீழிருந்து பதில் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். பொம்மை தன் உடம்பு எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு நொடியும் அவர் கழுத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ராஜஸ்தானத்துக் கட்புதலியை இதோடு வைத்துப் பார்த்தால் வேறொரு மனம் தெரிகிறது. அதற்குக் கால்களே கிடையாது. மாமரத்தில் செதுக்கிய தலையும், துணி அடைத்த கையும், தரையைத் தொடும் பாவாடையும் மட்டும்தான். பல பொம்மைகளுக்கு ஒரே நூல் போதும்: உச்சந்தலையில் தொடங்கி ஆட்டுபவரின் விரல்களைச் சுற்றிவந்து பொம்மையின் இடுப்பில் முடியும். நாகௌர் அமர்சிங் ராத்தோரின் கதையை அந்த ஒற்றை நூலில் நடத்திவிடுவார்கள். கால் இல்லாத வீரன் குதித்துக் குதித்துப் போவான். பாவாடை புரளும்போது நடக்கிறானென்று நாம் நிரப்பிக்கொள்கிறோம். வாயில் ஒரு மூங்கில் சீழ்க்கையை வைத்துக்கொண்டு ஆட்டுபவர் கீச்சுக் குரலில் பேசுவார், பக்கத்தில் டோலக் வாசிக்கும் பெண் அதை மனித மொழிக்கு மாற்றிச் சொல்வாள். அங்கே எல்லாம் விரல் நுனி, வேகம், கேலி. ஒருவர் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கலை அது. டில்லி ஷாதிப்பூர் கட்புதலி காலனியிலிருந்து 2017இல் வீடுகளை இடித்து அந்தக் கலைஞர்களை வெளியேற்றியபோது பொம்மைகளையும் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். கர்நாடகத்துக் கொம்பெயாட்டத்தில் ஐந்து முதல் ஏழு நூல்கள், யட்சகானத்தின் கிரீடமும் மிடுக்கும், ஆனால் நூல்கள் கையில் பிடிக்கும் கட்டையில்தான் முடிகின்றன. ஒடிசாவிலும் கையில் பிடிக்கும் முக்கோணக் கட்டைதான். பொம்மையைக் கைக்கு ஒப்படைத்தவர்கள் பலர். நம்மவர்கள் தலைக்கு ஏற்றிக்கொண்டது ஏன் என்று ஊகிக்க எனக்கு ஆசையுண்டு. தலைச்சுமை பழகிய ஊர் என்று ஒரு விளக்கம் சொல்லலாம், ஆனால் தலைச்சுமை பழகாத ஊர் எது? விட்டுவிடுகிறேன்.

இலக்கியம் இந்தப் பொம்மையை எப்படிப் பார்த்தது என்று தேடினால் ஒரு விநோதம் கண்ணில் படும். வள்ளுவர் மரப்பாவையை இரண்டு இடங்களில் கொண்டுவருகிறார். குறள் 1020இல், உள்ளத்தில் நாணமில்லாதவர்கள் நடமாடுவது, கயிற்றால் இயங்கி உயிருள்ளதுபோல் மயக்கும் மரப்பாவையைப் போன்றது என்கிறார். குறள் 1058இல், இரப்பவர்கள் இல்லையென்றால் இந்த உலகத்தின் போக்குவரத்தே மரப்பாவை போய்வருவதுபோல் ஆகிவிடும் என்கிறார். இரண்டு இடத்திலும் பாவை இருக்கிறது. ஒன்றில் கயிறுகூட இருக்கிறது. ஆனால் கயிற்றை இழுப்பவன் இல்லை. அவனைப் பற்றி வள்ளுவருக்கு அக்கறையே இல்லை. யார் ஆட்டுகிறார்கள் என்று கேட்டு நாணமில்லாதவனுக்கு ஒரு சாக்கை அவர் உண்டாக்கித் தரவில்லை. தேநீர்க் கடைப் பேச்சுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அங்கே 'பொம்மை' என்று சொல்வது வசையாகத் தொடங்கி ஒருவகை மன்னிப்பாக முடிகிறது. பாவம், அவர் கையில் என்ன இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. பக்தி இலக்கியத்துக்கு வந்தால் நிலைமை நேரெதிர். அங்கே ஆட்டுவிப்பவனைத் தவிர வேறு பேச்சே இல்லை, ஆடுவது ஆனந்தம். கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் உயிர்கள் யந்திரத்தில் ஏற்றப்பட்டவைபோல் சுழல்கின்றன என்று வரும் இடத்தில், ஆதிசங்கரரின் உரை மரத்தால் செய்த மனிதர்களை உதாரணம் காட்டுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டு பக்கமும் சேராத ஒன்று. மகாபாரதத்தின் வனபர்வத்தில், எல்லாம் இழந்து துவைத வனத்தில் இருக்கும்போது, திரௌபதி யுதிஷ்டிரனிடம் பேசுகிறாள். ஒரு மனிதன் மரத்தாலான பெண்ணுருவத்தின் அங்கங்களை அசைப்பதுபோல் படைத்தவன் உயிர்களை அசைக்கிறான் என்கிறாள். அவள் இதைப் பணிந்து சொல்லவில்லை, குற்றச்சாட்டாகச் சொல்கிறாள். ஆட்டுகிறவன் ஒருவன் இருந்தால் நடந்த பாவத்தில் அவனுக்கும் பங்கு உண்டல்லவா என்பதுதான் அவள் வாதம். யுதிஷ்டிரன் பதறிப்போய், நீ பேசுவது அழகாக இருக்கிறது, ஆனால் நாத்திகம் என்கிறான். சிலப்பதிகாரத்திலோ இன்னும் ஒரு திருப்பம் இருக்கிறது. மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்று பாவை. அவுணர்களை மயக்கி வீழ்த்தத் திருமகள் ஆடியது. உலகத்துக்கே செல்வம் தருபவள், போரில் ஜெயிக்க வேண்டிய கட்டாயத்தில், கொல்லிப்பாவை என்ற பொம்மையாகிறாள். மரம் உயிராக நடிப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, உயிர் பொம்மையாக நடித்தால் அது எவ்வளவு பயங்கரமாக இருந்திருக்கும். அவுணர்கள் மயங்கியதில் வியப்பில்லை.

இவ்வளவையும் எழுதும்போதே என் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. பொம்மை பதில் சொல்கிறது, பொம்மைதான் ஆட்டுபவரை ஆட்டுகிறது என்று எழுதுவது எழுதுகிறவனுக்கு வசதியான விஷயம். தலைகீழாகத் திருப்பிவிட்டால் எந்த உவமையும் ஆழமானதாகத் தோன்றும். ஆனால் அந்த நெற்றியில் பதிந்த வரி உவமை இல்லை. இரண்டு பேருக்கு நடுவில் இருப்பதாக நான் கற்பனை செய்துகொள்ளும் உரையாடலில் ஒருவருக்கு மட்டும்தான் கழுத்து எலும்பு தேயும். தன்னை முழுசாக மறைத்துக்கொண்டு இன்னொன்றுக்கு உயிர் கொடுக்கிறார் என்று பாராட்டுவதிலும் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. மறைந்து நிற்பதைத் தியாகமாக்கிவிட்டால் கூலியைப் பற்றிக் கேட்காமல் இருந்துவிடலாம். திரைக்கு முன்னால் மாலையும் பொன்னாடையும் நடத்திவைத்தவருக்கும் தலைமை வகித்தவருக்கும் போகும். ஆட்டியவர்கள் அதற்குள் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவரை மேடைக்கு முன்னால் அழைத்து நிறுத்தியபோது அவர் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். கம்பி இல்லாத கை. ஜப்பானிய புன்ராக்குவில் முதன்மையாக ஆட்டுபவர் முகத்தை மூடாமலே மேடையில் நிற்பார், ஒரு பொம்மைக்கு மூன்று பேர், எல்லோரும் பார்வையாளர் கண்முன். கொஞ்ச நேரத்தில் பார்வையாளர் அவர்களைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். மறைவதற்குத் திரை தேவையில்லை என்றுதானே அது காட்டுகிறது. அப்படியானால் நம் திரை யாருக்காக? கோட்டயத்து மூழிக்கல் பங்கஜாட்சியை நினைத்துக்கொள்கிறேன்; 2020இல் பத்மஸ்ரீ பெற்றவர். நோக்குவித்யா பாவகளியில் மேலுதட்டின் மேல் கோலை நிறுத்தி, அதன் உச்சியில் இருக்கும் பொம்மைகளை நூலால் அசைத்து, ராமாயணத்தை நடத்தியவர். திரை கிடையாது. அவர் பார்வை இம்மியளவு விலகினால் எல்லாம் சரியும். முகம் முழுக்க வெளியில் தெரியும், ஆனால் அந்த முகத்தால் வேறு எதையும் செய்ய முடியாது. இதையும் சேர்த்து வைத்தால் என் சந்தேகம் தீர்வதில்லை, பெருகத்தான் செய்கிறது.

சேலம் பக்கம் பொம்மலாட்டம் தெருக்கூத்தின் சாயலோடு இருக்கும், காவிரிப் பக்கம் கர்நாடக இசையும் சதிரின் அடவும் கலந்திருக்கும். இரண்டு இடத்திலும் அரிச்சந்திரன் கதைக்குக் கூட்டம் நிச்சயம். லோகிதாசன் தர்ப்பை அறுக்கப் போய்ப் பாம்பு கடித்துச் சாகும் காட்சியில் நான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறேன். யோசித்துப் பார்த்தால் அங்கே நடப்பது என்ன? அதுவரை நடந்த ஒரு மரத்துண்டு நடப்பதை நிறுத்துகிறது. நூல் தளர்கிறது, முழங்கால் மடிகிறது, பலகையில் டக்கென்று ஒரு சத்தம். மேடையில் நடந்தவற்றிலேயே பொய் கலக்காத ஒரே செயல் அதுதான். மரம் மரமாகக் கிடக்கிறது. ஆனால் கூட்டத்தில் பெண்கள் முந்தானையை எடுப்பது அப்போதுதான். சுயம்வரத்தில் நம்பாதவர்கள்கூட இங்கே நம்பிவிடுகிறார்கள். உயிரை நம்ப வைக்க ஒரு ராத்திரி முழுக்க உழைக்க வேண்டியிருக்கிறது, சாவை நம்ப வைக்கக் கையை விட்டாலே போதும். பின்னால் நின்று பார்த்தபோது இதே காட்சி வேறு மாதிரி இருந்தது. லோகிதாசனை ஆட்டிய இளைஞர் நூலைத் தளர்த்திவிட்டு வளையத்தைக் கழற்றினார், கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி நெட்டி முறித்தார், ஓரமாகப் போய்ப் பீடி பற்றவைத்தார். அந்தக் கதையில் அந்தச் சாவால் ஆறுதல் அடைந்த ஒரே ஆள். முன்னால் சந்திரமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மயானத்துக்குப் போகிறாள். மரம் மரத்தைத் தூக்குகிறது; இரண்டின் எடையும் ஒரே தலையில். வெட்டியானாக நிற்கும் அரிச்சந்திரன் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். அவள் ஏதுமில்லை என்கிறாள், கழுத்தில் தாலி இருக்கிறதே என்கிறான். அவள் தாலி புருஷன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். பொம்மையின் கழுத்தில் கிடக்கும் அந்தச் சரடு எங்கள் எல்லோர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது. இருந்தும் யாருக்கும் தெரியாததுபோலவே உட்கார்ந்திருந்தோம். கூத்தில் மனிதர்கள் நடித்து இதே காட்சியைப் பார்த்திருக்கிறேன், அங்கே இவ்வளவு இறங்கவில்லை. நடிகன் அழும்போது நாம் அவன் அழுகையைப் பார்க்கிறோம். பொம்மை அழ முடியாது, ஆகவே அந்த வேலையை நாம் செய்ய வேண்டியிருக்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு முழுத் திருப்தியில்லை. அழத் தெரியாத பொருட்கள் வீட்டில் எவ்வளவோ இருக்கின்றன, அவற்றுக்காக யாரும் அழுவதில்லையே. சந்திரமதியின் தலை தொங்கியபோது, மேலே ஒரு மனிதனின் தலையும் அதே கோணத்தில், அதே கணத்தில் தொங்கியிருக்கும். பார்க்காமலே அது நமக்கு வந்து சேர்ந்துவிடுகிறதோ என்னவோ.

இப்போது எனக்கு இருப்பது ஓர் ஆசை. வனபர்வத்துத் திரௌபதியின் அந்தப் பேச்சைப் பொம்மலாட்டத்தில் பார்க்க வேண்டும். நான் பார்த்தவர்கள் யாரும் அதை ஆடவில்லை. ஆடினால் எப்படி ஆடுவார்கள் என்று சில இரவுகள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். நாங்கள் மரப்பாவைகள் என்று ஒரு மரப்பாவை சொல்ல வேண்டும். அசட்டுத்தனமாகச் செய்தால் கைத்தட்டல் விழும், பபூன் வந்து அதை வைத்து இரண்டு நகைச்சுவை சொல்லிவிடுவான், அதோடு போய்விடும். ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால் அந்த இடத்தில் திரௌபதி யுதிஷ்டிரனைப் பார்க்கக் கூடாது. தன்னை அசைப்பவன் இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். அதாவது மேலே. தலையிலிருந்து தொங்கும் பொம்மைக்கு ரொம்பச் சிரமமான அசைவு அது. குனிவதற்கும் ஆமென்று தலையாட்டுவதற்கும் பாரமே உதவி செய்கிறது, அண்ணாந்து பார்ப்பதற்கு அது குறுக்கே நிற்கிறது. அவள் நிமிர வேண்டுமானால் ஆட்டுபவர் வளையத்தோடு தன் தலையைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும், 10 கிலோவையும் பிடரியில் வாங்கிக்கொண்டு. சாய்த்ததும் அவர் கண்ணிலிருந்து பொம்மை மறைந்துவிடும், பந்தலின் கூரைதான் தெரியும். அவள் கை சரியாக உயர்ந்ததா, முழங்கால் மடங்கிவிட்டதா என்று அவரால் பார்க்க முடியாது. பாட்டுக்காரரின் தாளத்தையும் கழுத்தில் விழும் இழுப்பையும் வைத்துக்கொண்டு, குருட்டாம்போக்கில், குறைந்தது நாலு வரிப் பாட்டு அவர் அப்படியே நிற்க வேண்டியிருக்கும். முடியுமா என்று யாரையாவது கேட்க வேண்டும். மிருதங்கக்காரர் அந்த நாலு வரியைக் கொஞ்சம் துரித காலத்தில் எடுத்தால் முடியலாம் என்று நினைக்கிறேன்.